கர்னல் பென்னிகுயிக் துரையின் சரித்திரம்

கம்பம் பள்ளத்தாக்கிலே பென்னிகுயிக் துரையின் பெயரைக் கேட்டிராத வீடு ஒன்றும் இல்லை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய படத்தைக் காணலாம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டு அழைக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. தேனி புதிய பஸ் நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தைப் பொங்கலையொட்டி வரும் ஜனவரி 15-ந் தேதி அவருடைய பிறந்த நாள். அன்று பாலார்பட்டி முதலிய ஊர்களில் குடியானவர்கள் அவரை நினைத்தே பொங்கல் வைக்கிறார்கள். அந்நிய தேசத்தாருக்குப் பிள்ளையாகப் பிறந்து, அந்நிய சர்க்காரிடம் சம்பளம் வாங்கிய ஒரு ராணுவ உத்தியோகஸ்தருக்கு இத்தகைய மரியாதை கிடைப்பது உலகத்திலே அபூர்வம்.

அவருடைய பெயரை அறிந்திருக்கிறோம். ஆனால் மனிதரை அறிந்திருக்கிறோமா? அவர் யார், எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார், அணை கட்டுவதற்கு முன்பும் பின்பும் என்ன செய்தார் என்று நம் பிள்ளைகள் கேட்டால், ஒரே ஒரு கதையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதவர்களாய் இருக்கிறோம். ஆகவே அவருடைய வாழ்க்கையை ஆதிமுதல் அந்தம்வரை சுருக்கமாக இங்கே தருகிறோம்.

போர்க்களத்தில் தகப்பனை இழந்த பிள்ளை

ஜான் பென்னிகுயிக் 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி புனா நகரத்தில் பிறந்தார். அவருடைய தகப்பனாரின் பெயரும் ஜான்தான். அவர் பிரிட்டிஷ் சேனையில் 24-வது காலாட்படையைச் சேர்ந்த பெரிய அதிகாரி. தாயார் பெயர் சாரா. அந்தக் குடும்பத்திலே பட்டாளத்து உத்தியோகம் பரம்பரைத் தொழில் என்றே சொல்லலாம்.

சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிரம்புவதற்கு முன்பே அந்தக் குடும்பத்தின்மேல் பேரிடி விழுந்தது. அப்போது பஞ்சாபில் சீக்கியருக்கும் ஆங்கிலேயருக்கும் இரண்டாம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1849-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள சில்லியன்வாலா என்னுமிடத்தில் கடும் போர் மூண்டது. ஒரு பெரும் படைப்பிரிவை நடத்திச் சென்ற தகப்பனார் அங்கே குண்டடிபட்டு விழுந்தார். அதே படையில் சிறு உத்தியோகத்திலிருந்த மூத்த மகன் அலெக்சாண்டருக்கு அப்போது வயது 17. தகப்பனாரின் சடலத்தை விட்டு நகராமல் காத்து நின்ற அந்த வாலிபனும் அங்கேயே கொல்லப்பட்டான். சிறுவன் ஜானின் எட்டாவது பிறந்த நாளுக்கு அன்று இரண்டே நாட்கள் இருந்தன.

ஒரே நாளில் கணவனையும் மகனையும் பட்டாளத்துக்குப் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து இன்னொரு பிள்ளை அந்த வழிக்கே போவான் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனாலும் ஜான் அந்த வழிக்கே போனார். இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியில் படித்தபின், கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் அதிகாரிகளைப் பயிற்றுவதற்காக அடிஸ்கோம் என்ற ஊரில் நடத்திவந்த ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1858-ம் ஆண்டு சென்னை ராணுவப் பொறியாளர் படையில் லெப்டினன்ட் உத்தியோகம் பெற்று, 1860-ல் இந்தியா வந்து சேர்ந்தார். அவருடைய தகப்பனார் கையில் பிடித்தது வாள். மகன் கையில் பிடித்ததோ பெரும்பாலும் அளவுகோலும் வரைபடமும்.

பட்டாளத்துக்காரர் ஒருவர் எப்படி அணை கட்ட வந்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். அக்காலத்தில் ராணுவப் பொறியாளர்கள் யுத்தமுள்ள காலத்தில் சேனைக்குப் பாலமும் பாதையும் கோட்டையும் அமைப்பார்கள். யுத்தமில்லாத காலத்தில் மராமத்து இலாகாவில் அமர்ந்து, ஜனங்களுக்கு வேண்டிய சாலை, கால்வாய், அணை முதலிய வேலைகளைக் கவனிப்பார்கள். பென்னிகுயிக்கும் இவ்வாறே மராமத்து இலாகாவுக்கு வந்தார்.

ஒரு தடவை யுத்தத்துக்கும் போனார். அபிசீனியா நாட்டுச் சக்கரவர்த்தி தியோடர் சில ஐரோப்பியரைச் சிறைப்பிடித்து வைத்திருந்தார். அவர்களை மீட்பதற்காக 1867-68-ல் இந்தியாவிலிருந்து ஒரு சேனை கப்பலேறிப் போயிற்று. அந்தச் சேனையில் பென்னிகுயிக்கும் பணியாற்றி, அதற்கான பதக்கமும் பெற்றார். அதற்குப்பின் அவருக்குக் கிடைத்த போர்க்களம் வேறுவிதமானது. அங்கே எதிரி என்பது காடும் வெள்ளமும் காய்ச்சலுமே.

நூறு வருஷக் கனவு

நம் பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் மலைகளை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். மேற்கேயிருந்து வரும் மழை மேகங்கள் மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்துவிட்டு, இப்பக்கம் வெறுங்கையோடு வருகின்றன. அப்பக்கத்து மழையெல்லாம் பெரியாறாகத் திரண்டு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் விழுகிறது. இப்பக்கத்து வைகையோ வருஷத்தில் பாதி நாள் மணலாய்க் கிடந்தது. அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்ற எண்ணம் வெள்ளைக்காரர் மூளையில் முதலில் உதித்ததன்று. 1789-ம் ஆண்டிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி அந்தக் காட்டைப் பார்வையிடச் செய்தார். ஆனால் செலவைத் தாங்க வசதியில்லாமல் அந்த யோசனை கைவிடப்பட்டது.

1808-ல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் அந்த இடத்தைப் பரிசோதித்து, இது நடவாத காரியம், இனி யோசிக்கவும் வேண்டியதில்லை என்று எழுதிவைத்துவிட்டார். 1850-ல் சிறிய அணை ஒன்று கட்ட வேலை தொடங்கி, கூலியாட்கள் நோய்வாய்ப்பட்டதால் அதுவும் நின்றது. 1860-களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி சிரத்தையோடு அளந்து பார்த்து, மண்ணால் அணை கட்டலாம் என்று 1867-ல் திட்டம் கொடுத்தார். அதுவும் காகிதத்தோடு நின்றுபோயிற்று.

இதற்குள் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டன் பாட்டிமார் வழிவழியாய்ச் சொல்லிவந்தது இன்னும் பல வீடுகளில் நினைவிருக்கும். லட்சக்கணக்கான ஜனங்கள் பசியாலும் கொள்ளைநோயாலும் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் ஊரையும் உறவையும் விட்டு இலங்கைத் தோட்டங்களுக்கும் இதர தூர தேசங்களுக்கும் போனார்கள். மதுரை, ராமநாதபுரம் சீமைகளுக்கு நிலையான தண்ணீர் இல்லாமற்போனால் மறுபடியும் இதுவே நேரும் என்பது சென்னை சர்க்காருக்கு அப்போதுதான் உறைத்தது.

1882-ல் புதிய திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு மேஜர் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 41. மூன்று வருஷங்களுக்கு முன்புதான், 1879-ல், கிரேஸ் சாமியர் என்ற பெண்மணியை மணந்திருந்தார். அவர்களுக்குப் பின்னாளில் ஐந்து பெண்களும் ஓர் ஆண்பிள்ளையும் பிறந்தார்கள்.

ரைவ்ஸ் சொன்ன மண் அணையை அவர் ஏற்கவில்லை. முல்லையாறும் பெரியாறும் கூடுமிடத்துக்குக் கீழே, கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு உயர்ந்த அணை ஒன்றைக் கட்டவேண்டும் என்றார். இத்தகைய அணை தன் சொந்தப் பாரத்தினாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்பது. ஆகையால் அடிப்பாகம் ஏறக்குறைய 138 அடி அகலமும், உச்சி 12 அடி அகலமும் இருக்கும்படி அமைத்தார். ஆற்றுப் படுகைக்குமேல் 155 அடி உயரம். நீளம் 1,200 அடி. இந்த அளவுள்ள அணையை அத்தகைய காட்டில் எழுப்புவது அக்காலத்தில் உலகத்திலேயே துணிச்சலான வேலையாக எண்ணப்பட்டது.

தண்ணீர் இப்பக்கம் வருவதற்கு அவர் அமைத்த வழியும் எளிதில் விளங்கக்கூடியதே. ஆற்றைத் தடுத்தால் நீர்மட்டம் உயரும். உயர்ந்த நீர் மலையிடுக்குகளில் ஏரியாகப் பரவி, தேக்கடிப் பக்கம் மலைமுகடு வரை எட்டும். அங்கே ஒரு வெட்டு வாய்க்காலும், அதன் முடிவில் மலையைத் துளைத்து ஒரு மைலுக்குச் சற்று அதிக நீளமுள்ள சுரங்கமும் போட்டால், யாரும் இறைக்க வேண்டாம். தண்ணீர் தானாகவே கிழக்கே இறங்கும். அணையின் நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் நமக்குத் தண்ணீர் வரும் என்று குடியானவர்கள் இன்றும் கணக்குச் சொல்வது இதனால்தான். சுரங்கத்துக்குப் போகும் வழி அந்த மட்டத்தில் இருக்கிறது.

ஒப்பந்தம்

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்குச் சொந்தம். ஆகவே சென்னை சர்க்காரும் திருவிதாங்கூரும் பல வருஷம் பேச்சு நடத்தினார்கள். முடிவில் 1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூர் திவான் ராம ஐயங்காரும், பிரிட்டிஷ் ரெஸிடென்ட் ஹானிங்டனும் கையொப்பமிட்டார்கள். குத்தகைக் காலம் 999 வருஷம். தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு வருஷம் 40,000 ரூபாய் குத்தகை என்று முடிவாயிற்று. 1970-ல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட உடன்படிக்கையில் அந்தத் தொகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சர்க்கார் இந்தத் திட்டத்தைத் தருமமாக மட்டும் எண்ணிச் செய்யவில்லை. பஞ்சம் வந்தால் வரிவசூல் போய்விடும். தண்ணீர் வந்தால் நன்செய் பெருகி வரியும் பெருகும். போடும் முதலுக்கு எவ்வளவு வட்டி கிடைக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் உத்தரவு கொடுத்தார்கள். பென்னிகுயிக்கும் அந்தக் கணக்கை எழுதிக்கொடுத்தவர்தான். ஆனால் கணக்கு எழுதிக்கொடுத்ததோடு அவர் மேஜையில் உட்கார்ந்திருக்கவில்லை.

காட்டிலே எட்டு வருஷம்

1887-ல் வேலை ஆரம்பமாயிற்று. அந்த இடத்துக்கு அப்போது சாலை இல்லை, கிராமம் இல்லை, கடை இல்லை. யானையும் புலியும் உலாவும் அடர்ந்த காடு. அரிசி, உப்பு முதல் ஆணி, இரும்புச் சாமான்வரை எல்லாம் கீழேயிருந்து போயாக வேண்டும். அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் சாமான்களை இறக்கி, மாட்டு வண்டிகளில் பெரியகுளம், கம்பம் வழியாகக் கூடலூர் கொண்டுவந்து, அங்கிருந்து மலைமேல் ஏற்றினார்கள். சாமான் ஏற்ற மலைச்சரிவிலே இரும்புக் கம்பி வழி ஒன்றும் அமைத்தார்கள். மேலே போனபின் ஆற்றிலே படகுகளில் அணைக்கட்டுக்குக் கொண்டுபோனார்கள். நம் ஊர் வண்டிக்காரர்களும் காளைகளும் அந்தப் பாதையில் பட்ட பாட்டை இன்று லாரியில் ஏறி குமுளி போகிறவர்கள் கற்பனை செய்வது கடினம்.

வேலைக்கு வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். சென்னை பயனியர் படையின் முதலாவது, நாலாவது பட்டாளத்தைச் சேர்ந்த சிப்பாய்கள் வந்தார்கள். ஆற்றைத் தடுக்கும் தற்காலிகத் தடுப்புகளுக்கு மரவேலை செய்யக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசிய வம்சத்துத் தச்சர்கள் வந்தார்கள். மண் சுமக்கவும், கல் உடைக்கவும், சுண்ணாம்பு அரைக்கவும் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வந்தார்கள்.

மழைக்காலம் வந்தால் பெரியாறு பொங்கியது. அஸ்திவாரம் போடுவதற்காக ஆற்றை மறித்துக் கட்டிய தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு தடவையல்ல; திரும்பத் திரும்ப அப்படியே நேர்ந்தது. மாதக்கணக்கில் ஆயிரம் பேர் செய்த வேலை ஒரே இரவில் காணாமற்போகும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோடை வந்தாலோ விஷ ஜுரம். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது அக்காலத்து வைத்தியர்களுக்கே தெரியாது. அது நிரூபிக்கப்பட்டது 1897-ல்தான், அணை முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு. காட்டுக் காற்றுத்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்று எண்ணினார்கள். ஆகவே தப்பும் வழியும் தெரியவில்லை. காய்ச்சலுக்கும் இதர நோய்களுக்கும் நூற்றுக்கணக்கானோர் பலியானார்கள். அணைக்கு அருகே உள்ள கல்லறைத் தோட்டம் இன்றும் அதற்குச் சாட்சி.

வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையே கிடைத்த சில மாதங்களில்தான் வேலை நடந்தது. உட்புறம் சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் மணலும் ஜல்லியும் சேர்த்துக் கெட்டித்து, வெளிப்புறம் கருங்கல் கட்டி அணையை எழுப்பினார்கள். இன்று கட்டட வேலைக்கு நாம் வாங்கும் சிமெண்டு அன்று அந்தக் காட்டுக்கு எட்டாத பொருள். நம் பாட்டன்மார் வீட்டுச் சுவருக்கும் மச்சுக்கும் அரைத்த அதே சுண்ணாம்புதான் அந்தப் பெரும் அணைக்கும் உயிர்.

இத்தனைக்கும் நடுவே பென்னிகுயிக் என்ன செய்தார்? சேதம் நேர்ந்தபோதெல்லாம் வெள்ளம் எங்கே உடைத்தது என்று ஆராய்ந்தார், தடுப்பைத் திருத்தியமைத்தார், மறுபடியும் ஆட்களைச் சேர்த்தார். திட்டம் வகுக்கத் தொடங்கிய 1882 முதல் திறப்பு விழா நடந்த 1895 வரை கணக்கிட்டால் 13 வருஷம். ஒரு மனிதனுடைய வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஒரே வேலையில் போயிற்று.

1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து, வைரவனாற்றில் இறங்கி, நம் பள்ளத்தாக்கு நெடுகிலும் ஓடி, தேனிக்கு அருகே வைகையில் கலந்தது. அங்கிருந்து பேரணை வழியாகப் பெரிய கால்வாயில் பாய்ந்து மேலூர்ச் சீமை வரைக்கும் போயிற்று. நூறு வருஷத்துக்கு முன் பிரதானி கண்ட கனவு அன்று பலித்தது.

சொத்தை விற்றாரா?

இனி நாம் எல்லோரும் அறிந்த கதைக்கு வருவோம். வெள்ளத்தில் அணை உடைந்ததும் சர்க்கார் பணம் தர மறுத்துவிட்டது. பென்னிகுயிக் இங்கிலாந்து போய்த் தம் வீடு வாசலையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தார் என்பது அந்தக் கதை. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இதைக் கேட்டிருக்கிறோம்.

அன்பர்கள் மனம் நோகக்கூடாது. ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கதைக்கு ஆதாரமான பத்திரம் எதுவும் ஆராய்ச்சியாளர்களுக்கு அகப்படவில்லை. அணையைக் கட்டியது சென்னை சர்க்கார். செலவு சர்க்கார் கஜானாவினுடையது. பென்னிகுயிக் இந்த வேலையைப் பற்றி 1897-ல் லண்டன் பொறியாளர் சங்கத்துக்கு ஒரு விரிவான கட்டுரை எழுதினார். அவருக்குக்கீழ் வேலைபார்த்த மெக்கென்சி என்ற பொறியாளர் 1899-ல் திட்டத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். அவற்றில் காண்பது சர்க்கார் திட்டமும் சர்க்கார் கணக்குமே.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது? சற்று யோசித்தால் விளங்கும். நம் பள்ளத்தாக்கில் கிணறு வெட்டப் பணம் இல்லையென்றால் குடியானவன் என்ன செய்வான்? வீட்டுக்காரியின் நகையை அடகு வைப்பான். அதுவும் போதாவிட்டால் காணி நிலத்தில் ஒரு பகுதியை விற்பான். தண்ணீருக்காகத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த தாய்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! தண்ணீர் என்றால் என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே தங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதரைப் பற்றிப் பேசும்போது, தாங்கள் செய்த தியாகத்தையே அவர் செய்ததாகச் சொன்னார்கள். தங்களில் ஒருவராக அவரை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கதை பென்னிகுயிக்கைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் நம் பாட்டன்மாரின் நன்றியைப் பற்றியே அதிகம் சொல்லுகிறது.

நன்றி நல்லதே. ஆனால் இந்தக் கதையால் ஒரு குறையும் உண்டு. எல்லாவற்றையும் கொடுத்தவர் ஒருவரே என்று சொல்லிவிட்டால், உண்மையாகவே எல்லாவற்றையும் கொடுத்தவர்கள் மறைந்துபோகிறார்கள். துரை அணையை முடித்துவிட்டு உயிரோடு ஊர் திரும்பினார். காய்ச்சலில் விழுந்த கூலியாள் திரும்பவில்லை. அவனுடைய மனைவி எந்த ஊரில் காத்திருந்தாள், பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று சொல்ல இன்று ஒருவரும் இல்லை. விற்பதற்கு அவனிடம் வீடும் இல்லை, நகையும் இல்லை. இருந்தது உடம்பு ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டுப் போனான். பென்னிகுயிக்குக்கு நாம் வைக்கும் பொங்கலில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அதுபோலவே, சொத்து விற்ற கதை போய்விட்டால் பென்னிகுயிக்கின் பெருமை குறைந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஒரு வீட்டை விற்பது ஒரு நாள் காரியம். வெள்ளம் வருஷாவருஷம் அடித்துச்செல்ல, வருஷாவருஷம் அதே இடத்துக்குத் திரும்பிப் போவது எவ்வளவு பெரிய காரியம்! நடவாது என்று பெரியவர்கள் எழுதிவைத்த வேலையை நடக்கும் என்று கணக்குப்போட்டுக் காட்டினார். காட்டியபடியே செய்தும் முடித்தார். இது கதையல்ல, கண்ணால் காணும் உண்மை. லோயர் கேம்ப்பில் இரைச்சல் பாலத்தருகே போய் நின்றால் தண்ணீரின் முழக்கமே அதைச் சொல்லும்.

பிற்கால வாழ்க்கை

அணை திறந்த 1895-ம் ஆண்டிலேயே அவருக்கு சி.எஸ்.ஐ. என்ற பட்டம் அளிக்கப்பட்டது. மராமத்து இலாகாவின் உயர்ந்த பதவிகளையெல்லாம் வகித்தபின் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். 1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்திலிருந்த இந்தியப் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராயிருந்து, இந்தியாவுக்கு வரவிருந்த இளம் பொறியாளர்களைத் தயார் செய்தார். 1899-ல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தை வருத்திவந்த ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆலோசனை கூற அழைக்கப்பட்டார். வெள்ளத்தோடு அவ்வளவு காலம் போராடினவரை அழைத்தது பொருத்தமே. கிரிக்கெட் ஆட்டத்திலும் அவருக்கு மிகுந்த பிரியம் உண்டு.

கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் காம்பர்லி என்ற ஊரில் குடியிருந்து, 1911-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, தமது 70-வது வயதில் காலமானார். அருகேயுள்ள ஃபிரிம்லி ஊரில் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த புனித இராயப்பர் கோவில் வளாகத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. தாம் கட்டிய அணையின் தண்ணீரால் விளைந்த நெல்லை உண்ட ஜனங்கள் நூறு வருஷத்துக்குப் பிறகு தம் கல்லறையைத் தேடி வருவார்கள் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். லோயர் கேம்ப்பில் தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபம் 2013-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி திறக்கப்பட்டது. 2022-ல் காம்பர்லியிலும் அவருக்குத் தமிழ்நாடு அரசின் சார்பில் சிலை நிறுவப்பட்டது.

நம் கையில் உள்ளது

அணை முடிந்து 130 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஜூன் மாத ஆரம்பத்தில் நீர்மட்டம் போதுமாயிருந்தால் மதகு திறக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. 1950-களின் பிற்பகுதியில் மலையடிவாரத்தில் மின்சார நிலையம் வந்தது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையிலும் இந்தத் தண்ணீரே வந்து தேங்குகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்கள் இதனால் பிழைக்கின்றன.

அணையின் பழமையைப் பற்றி மலைக்கு அப்பால் வாழும் ஜனங்களுக்கு அச்சம் உண்டு என்பதையும் நாம் அறிவோம். 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, கான்கிரீட்டாலும் எஃகுக் கம்பிகளாலும் அணை பலப்படுத்தப்பட்டது. நீண்ட வழக்குக்குப்பின் 2006-லும், மறுபடியும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு வழக்காக இருக்கட்டும். குமுளிக்கு அப்பாலும் நம் உறவினரும் சிநேகிதரும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் தினந்தோறும் ஜீப்பில் ஏறி அங்குள்ள ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அப்பக்கத்தாரின் பயத்தைப் பரிகாசம் செய்வதும், இப்பக்கத்தாரின் பசியை அவர்கள் மறப்பதும் இரண்டும் தகாது. தண்ணீர் இருவரையும் சேர்த்தே வாழவைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடுத்த ஜனவரி 15-ந் தேதி பிள்ளைகளை லோயர் கேம்ப் மண்டபத்துக்கு அழைத்துப் போகும் பெற்றோர், அவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லுங்கள். எட்டு வயது நிரம்புவதற்கு முன்பே தகப்பனை இழந்த பிள்ளை ஒருவன், தகப்பன் செய்த யுத்தத் தொழிலுக்கே வந்து, முடிவில் யுத்தத்தினாலல்ல, தண்ணீரினாலே பெயர் பெற்றான் என்று சொல்லுங்கள். அவனுக்கு முன்பே அந்த யோசனையைக் கண்ட ஒரு தமிழ்ப் பிரதானி இருந்தார் என்று சொல்லுங்கள். அவனோடு கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, ஊர் திரும்பாமல் அந்தக் காட்டிலேயே துயில்கொண்ட பெயரில்லாத மனிதர்களை மறக்கலாகாது என்றும் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்ததும், வாய்க்காலில் குப்பையைக் கொட்டாமலும், கிடைத்த தண்ணீரை வீணாக்காமலும் இருக்கக் கற்றுக்கொடுங்கள். அவ்வளவு விலை கொடுத்து வந்த தண்ணீருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.